ப்ரிம்ரோஸ் நட்ட ஞானஸ்நானத் தொட்டி

மார்ல்கூம் ஊர்ப் பாதிரியார் பெல்வுட்டுக்குக் கோயிலில் இருந்த அந்த மரத்தொட்டியைக் கண்டாலே ஆகாது. ஒரே ஓக் மரத்தின் அடித்துண்டைக் குடைந்து, உள்ளே ஈயத்தகடு பதித்த தொட்டி. நானூறு வருடமாக ஊரில் பிறந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அதில்தான் ஞானஸ்நானம் வாங்கினார்கள். பன்றிக்குத் தீனி வைக்கிற தொட்டி மாதிரி இருக்கிறது என்றார் பாதிரியார். 1863 ஜனவரியில், கோயிலைப் புதுப்பிக்கிறேன் என்று கிளம்பியவர், முதல் வேலையாக அதைத்தான் வெளியே தூக்கிப் போட்டார். பெரிய வீட்டு டார்வில் சீமாட்டி பளிங்கில் புதுத் தொட்டி செய்து தருகிறாராம், ஈஸ்டருக்கு வந்துவிடுமாம், அதுவரை ஞானஸ்நானம் கிடையாதாம். வந்ததும் அதில் முதலில் நனைய வேண்டியது சீமாட்டியின் பேரன் தலையாம். இதையும் பிரசங்க மேடையில் நின்று வாய் கூசாமல் சொன்னார்.

பிள்ளைகள் என்ன, பாதிரியாரைக் கேட்டுக்கொண்டா பிறக்கின்றன? பிப்ரவரி கடைசியில், வேலி கட்டிப் பிழைக்கிற ஜோப் ட்ராட்டின் மனைவி கெஸையாவுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. ஆண் ஒன்று, பெண் ஒன்று. இரண்டும் கையகலம்தான் இருந்தன. பையனுக்கு ரூபன், பெண்ணுக்குத் தாமசின் என்று பெயரெல்லாம் முடிவு பண்ணிவிட்டார்கள்.

பதினைந்தாம் நாள் ரூபனுக்கு மூச்சு இழுத்தது. ஜோப் வேலைச் சேற்றோடு பாதிரியார் வீட்டு வாசலுக்கு ஓடினான். அவர் பெரிய வீட்டு விருந்துக்குப் போக வண்டியில் ஒரு காலை வைத்திருந்தார். பிள்ளைக்கு இழுக்கிறது, வந்து தண்ணீர் ஊற்றுங்கள் என்று தொப்பியைக் கழற்றிக் கெஞ்சினான். சளியாக இருக்கும், காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிப் போய்விட்டார். விடிவதற்குள் பிள்ளை போய்விட்டான்.

ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு மணி கிடையாது, ஜெபம் கிடையாது. ஜோப் ஒரு மெழுகுவர்த்திப் பெட்டியில் வைத்து, கோயிலின் வடக்கு மதிலோரம், தூக்குப் போட்டுக்கொண்டவர்களைப் புதைக்கிற இடத்தில், தானே குழி வெட்டி மூடினான். பாதிரியார் ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. கெஸையா அழவில்லை. வயிறு பற்றி எரிகிறவளுக்கு அழுகை எங்கே வரும்?

நான்கு நாள் கழித்துத் தாமசினுக்கும் அதே இழுப்பு வந்தது. இந்தத் தடவை அவள் ஜோப்பை அனுப்பவில்லை. பிள்ளையைச் சால்வையில் சுற்றிக்கொண்டு, காலையிலேயே தானே பாதிரியார் வீட்டுக்குப் போனாள். ஐயா கோயிலில் கொத்தனாரோடு அளவு எடுத்துக்கொண்டிருக்கிறார், போய்ச் சொல்கிறேன், பின்பக்கம் நில் என்றாள் அங்கே வேலை பார்க்கிறவள். பின்பக்கம் தோட்டம். தோட்டத்து நடுவில் அந்தத் தொட்டி நின்றது. விளிம்பு வரை மண் போட்டு, மஞ்சள் ப்ரிம்ரோஸ் பூச்செடிகள் நட்டிருந்தார்கள். பக்கத்தில் தண்ணீரோடு ஒரு பூவாளி.

ஜோப்பும் அவன் அப்பனும் பாட்டனும் அதில் நனைந்தவர்கள். கெஸையாவும் நனைந்தவள். புண்ணியம் தொட்டியில்தான் இருக்கிறது, தொட்டி போனால் ஞானஸ்நானமும் போயிற்று என்றுதான் ஊரே நம்பியிருந்தது. அந்தத் தொட்டியில் பூச்செடி! அவள் மகன் வடக்கு மதிலோரம் கிடக்கிறான், இவருக்குத் தோட்டத்தில் அழகு கேட்கிறதோ?

பிள்ளையை இடது தோளில் சாய்த்துக்கொண்டு, செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாள். மண்ணை வலது கையாலேயே வாரி வாரிக் கொட்டினாள். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. ஈயத்தகடு தெரிந்ததும் பூவாளியைத் தொட்டிக்குள் கவிழ்த்தாள். தேங்கிய தண்ணீரைக் கையில் அள்ளி, தாமசினின் தலையில் மூன்று தரம் ஊற்றினாள். ஊரில் எத்தனை பிள்ளைகளின் ஞானஸ்நானத்தில் கேட்ட வார்த்தை, மறந்தா போகும்?

"தாமசின், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

பிள்ளை வீறிட்டு அழுதது. அந்தச் சத்தத்துக்குத்தான் பாதிரியார் அளவுகோலும் கையுமாகத் தோட்டத்துக்குள் வந்தார். முதலில் அவர் கண்ணில் பட்டது செடிகள்தான்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க? சீமாட்டி குடுத்தனுப்புன செடி அது."

நீங்கள் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, நானே கொடுத்துவிட்டேன் என்றாள் கெஸையா. அவர் முகம் மாறியது. தண்ணீரை ஊற்றினாயா, வெறுமனே தொட்டு வைத்தாயா என்று கேட்டார். என்ன வார்த்தை சொன்னாய் என்று கேட்டார். அவள் அப்படியே திருப்பிச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அப்படியானால் இது செல்லும், இன்னொரு தரம் கொடுக்கக் கூடாது என்றார்.

"நம்ம பழைய தொட்டிங்கறதாலயா ஐயா?"

"தொட்டில என்ன இருக்கு, அது வெறும் மரம். தண்ணியும் அந்த வார்த்தையும் போதும். சாகக் கிடக்குற பிள்ளைக்கு யார் ஊத்துனாலும் செல்லும். சமையக்கட்டுக் கிண்ணத்துல ஊத்துனாலும் செல்லும்."

பாடம் நடத்துகிற தோரணையில் சொன்னார். கெஸையாவின் வீட்டு அடுப்படியில் கிண்ணம் இருந்தது. வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. அந்த வார்த்தை அவளுக்கு மனப்பாடம். ரூபன் உயிர் போகும்வரை அவள் மடியில்தான் கிடந்தான்.

"இத அன்னிக்கு ஜோப்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உங்க வண்டிக்கிட்டதான நின்னாரு."

"அவன் அதக் கேக்கலையே" என்றார் பாதிரியார்.

ரூபனின் குழிமேலாவது ஒரு ஜெபம் படியுங்கள் என்றாள். அதற்கு விதியில் இடமில்லை என்றுவிட்டார். அடுத்தவர் கொடுத்த ஞானஸ்நானத்தைச் சபைக்கு முன்னால் விசாரித்து ஒப்புக்கொள்வதற்கு மட்டும் விதி இருக்கிறதாம். பிள்ளை பிழைத்தால் ஞாயிற்றுக்கிழமை கொண்டு வரச் சொன்னார்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. அந்த ஆள் முகத்தில் முழிக்கப் போக வேண்டாம் என்றான் ஜோப். போகத்தான் வேண்டும் என்றாள் கெஸையா.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பியிருந்தது. சீமாட்டி முதல் பெஞ்சில் இருந்தார். பாதிரியார் ஜெப புத்தகத்தைத் திறந்து, அதில் உள்ள கேள்விகளைத் தாழ்ந்த குரலில் கேட்டார். கெஸையா கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னாள்.

"இந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யார்?"

"பெத்த நான்தான்."

"எதைக் கொண்டு கொடுத்தாய்?"

"நீங்க பூச்செடி வச்ச நம்ம தொட்டில, உங்க பூவாளித் தண்ணியக் கொண்டு."

பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. வார்த்தையையும் கேட்டார், சொன்னாள். பிறகு புத்தகத்தில் உள்ளபடி பாதிரியார் சபையைப் பார்த்துத் திரும்பி அறிவித்தே ஆக வேண்டும். அறிவித்தார்: "இந்தக் காரியத்தில் எல்லாம் நன்றாகவும் முறைப்படியும் செய்யப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லுகிறேன்."

"எல்லாம்னு சொல்லாதீங்க ஐயா" என்றாள் கெஸையா. "இவளோட பொறந்தவன் வடக்கு மதிலோரம் கெடக்கான். இவங்கப்பாவுக்குக் கேக்கத் தெரியல. உங்களுக்குச் சொல்லத் தெரிஞ்சும், விருந்து ஆறிப்போயிரும்னு வண்டி ஏறிட்டீங்க."

ஜோப் தலை நிமிர்ந்து, தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான். பாதிரியார் காது வரை சிவந்து, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அடுத்த ஜெபத்தை வேகமாகப் படித்து முடித்தார். ஆமென் சொல்ல ஊரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.