பிரியாணிக்கு வேக்கம் போட்டவர்

கேஸ் விஷயத்தில் கியாசுதீனை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஷார்ஜாவில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் கியாசுதீன்தான். பதினெட்டு வருடமாக ஏசி மெக்கானிக். குழாயைத் தொட்டுப் பார்த்தே கேஸ் கூடுதலா, குறைச்சலா என்று சொல்லிவிடுவார். லீவில் ஊருக்கு வந்தால் பாலக்கரையில் எந்த வீட்டு ஏசி முனகினாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். அவரும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், ஒரு டீயும் ஒரு மணி நேரப் பேச்சுமாக வேலையை முடித்துவிட்டு வருவார். அப்பேர்ப்பட்ட மனிதர் போன மே மாதம் சொந்த வீட்டுப் பிரியாணியிடம் வசமாக மாட்டிக்கொண்டார்.

அவர் மனைவி மஜீதா ஆறு வருடமாக வீட்டிலிருந்தே சமைத்து ஆர்டருக்குக் கொடுக்கிறாள். தில்லை நகரில் புதிதாகத் திறந்திருந்த ஓர் ஆஸ்பத்திரியில் ஊழியர்களுக்கு மதியச் சாப்பாடு வெளியே சொல்லப்போகிறார்கள் என்று தெரிந்து கேட்டுப் பார்த்தாள். ஒரு நாள் மாதிரி கொண்டு வாருங்கள், சாப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். அந்த ஆர்டர் கிடைத்தால் கியாசுதீன் திரும்பிப் போக வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் இருபத்தெட்டாம் தேதி ஃபிளைட்.

உள்ளதைச் சொன்னால், அவருக்குப் போகவே பிடிக்கவில்லை. ஏணியில் ஏறினால் முழங்கால் கெஞ்சுகிறது. ஆறு பேர் படுக்கிற அறையில் இன்னொருவனுடைய குறட்டையைக் கேட்டுக்கொண்டு கிடக்கிற வயசா இது? ஆனால் 'நான் இங்கேயே இருந்துவிடுகிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லவும் கூச்சமாக இருந்தது. மஜீதா மனதில் என்ன இருக்கிறது என்பதோ அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். ஒவ்வொரு தடவையும் ஏர்போர்ட் வாசலில் "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொல்வாள். போகாதீங்க என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நாம் இல்லாமலே அவளுக்குப் பழகிவிட்டதோ என்ற சந்தேகம் அவரைக் கொஞ்ச நாளாக அரித்துக்கொண்டிருந்தது.

அதனால்தான் மாதிரி கொண்டுபோக வேண்டிய அன்றைக்குக் காலையிலிருந்து கூடமாட ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று அடுப்படியையே சுற்றிச் சுற்றி வந்தார். வெங்காயம் உரித்தார். தயிர் எடுத்துக் கொடுத்தார். தம் உடைத்ததும், ஷார்ஜாவிலிருந்து வாங்கி வந்த டப்பாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். பளபளவென்று எவர்சில்வர். மூடிக்கு உள்பக்கம் ரப்பர் வளையம், சுற்றிலும் நாலு கிளிப். மஜீதா வழக்கமாகப் பிரியாணியைத் தேக்சாவில் வைத்து, வாயில் வாழையிலையைப் போட்டு, வெள்ளைத் துணியால் கட்டித்தான் அனுப்புவாள். கியாசுதீனுக்கு அது நாகரிகமாகப் படவில்லை.

"கொஞ்சம் ஆவி போகட்டும்ங்க. அப்புறம் மூடலாம்" என்றாள் மஜீதா.

"ஆவி போனா வாசனையும் சேர்ந்து போயிடும். போற வழியில மெயின்கார்டு கேட்ல நிக்கிறவனுக்கு எதுக்கு நம்ம வீட்டு வாசனை? ஷார்ஜாவுல எல்லாம் இப்படித்தான் மூடுவாங்க."

புகைபோல ஆவி பறந்துகொண்டிருந்த பிரியாணியின் மேல் மூடியை அழுத்தி, நாலு கிளிப்பையும் டக் டக்கென்று மாட்டினார். மஜீதா கட்டுவதற்கு வைத்திருந்த வெள்ளைத் துணியைக் கைப்பையில் திணித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் சாப்பாட்டு ஹால். அங்கே இவர்களுக்கு முன்பே ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். பெயர் பத்ரி. ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் கேட்டரிங் செய்கிறவர். நெற்றியில் திருமண், காலடியில் ஒரு பெரிய தூக்கு நிறைய புளியோதரை. கியாசுதீன் ஹாலை ஒரு நோட்டம் விட்டார். தொழில் புத்தி போகுமா? ஏசிக்கு நேர் கீழே கையை நீட்டிப் பார்த்து, காற்று நன்றாக வருகிறது என்று திருப்தியாகி, டப்பாவையும் அங்கேயே வைத்தார்.

சுவைத்துப் பார்க்க வேண்டியவர் நர்சுகளுக்கெல்லாம் தலைமையான அமிர்தம் மேடம். பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னவர், அவசர கேஸ் ஒன்று வந்துவிட்டதால் முக்கால் மணி நேரம் ஆகியும் வரவில்லை. அதுவரை பிரியாணி ஏசிக் காற்று வாங்கிக்கொண்டு சுகமாக இருந்தது.

"மேடம் மேல வந்துட்டிருக்காங்க. எடுத்து வைங்க" என்று வாட்ச்மேன் வந்து சொன்னதும் கியாசுதீன் கிளிப்புகளை விடுவித்தார். மூடியைத் தூக்கினார். மூடி வரவில்லை.

கைலேஞ்சியைச் சுற்றிப் பிடித்து இழுத்தார். டப்பாவும் சேர்ந்து எழுந்து வந்தது. வாட்ச்மேன் டப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, பத்ரியும் ஒரு கை கொடுத்தார். மூன்று ஆண்பிள்ளைகள் மூச்சுப் பிடித்து இழுத்தும் அது அசைந்து கொடுக்கவில்லை. ரப்பர் வளையம் உள்ளே பதுங்கிக் கிடந்ததால் நெம்புவதற்கு நூல் அளவு சந்துகூட இல்லை. ஒரு கரண்டி வளைந்ததுதான் மிச்சம்.

"உள்ள ஆவி முட்டிக்கிட்டு நிக்குது. குக்கர் மாதிரிதான். பச்சத் தண்ணி காட்டுனா அடங்கிடும்" என்று சொல்லிவிட்டு, கியாசுதீன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கை கழுவும் இடத்துக்கு ஓடினார். அவசரத்துக்குக் குக்கரைக் குழாயடியில் காட்டித் திறப்பது அவர் வீட்டில் தினமும் பார்த்ததுதானே. மூடியின் மேல் குளுகுளுவென்று தண்ணீரைத் திறந்துவிட்டார்.

டொக்.

மூடியின் நடுப்பகுதி, அடி வாங்கியது போல உள்ளே குழிந்து போயிற்று. இழுத்துப் பார்த்தார். முன்னைவிட இறுக்கமாக இருந்தது.

பின்னாலேயே வந்து பார்த்த பத்ரி, கேலி இல்லாமல்தான் சொன்னார்: "அடியேன் சாதத்தை நன்னா ஆற விட்டுத்தான் தூக்குல போடுவேன். திறக்கறச்சே ஒரு சிரமமும் இருக்காது."

ஆற விட்டு. அந்த வார்த்தை கியாசுதீனின் மண்டையில் சுத்தியலால் அடித்த மாதிரி விழுந்தது. குழிந்த மூடியைப் பார்த்தார். இதே காரியத்தைப் பதினெட்டு வருடமாக அவர் மாதச் சம்பளத்துக்குச் செய்துகொண்டிருக்கிறார். புது ஏசி மாட்டும்போது, கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் குழாய்க்குள் இருக்கிற காற்றை எல்லாம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பார்கள். வேக்கம் போடுவது என்று அதற்குப் பெயர். அவர் இன்று பம்ப் இல்லாமலே பிரியாணிக்கு வேக்கம் போட்டுவிட்டார்.

"மஜீதா, தப்பு பண்ணிட்டேன்" என்றார். இந்த வாக்கியம் அவர் வாயிலிருந்து சுலபத்தில் வருவதில்லை.

"என்னங்க ஆச்சு?"

"நீ சொன்னப்ப கேட்டிருக்கணும். மூடும்போது உள்ள பூரா ஆவி. இருந்த காத்துல பாதியை அது வெளிய தள்ளிடுச்சு. இப்ப ஆறுனதும் ஆவியெல்லாம் தண்ணியாயிடுச்சு, மிச்சமிருந்த காத்தும் சுருங்கிப்போச்சு. உள்ள தாங்கிப் பிடிக்க ஒண்ணுமில்ல. வெளிக்காத்து மூடி மேல ஏறி உட்கார்ந்திருக்கு. குக்கர்ல உள்ளேருந்து வெளிய தள்ளும், அதனால பச்சத் தண்ணி சரி. இது வெளியேருந்து உள்ள அழுத்துது. நான் தண்ணியக் காட்டி இன்னும் சுருக்கிட்டேன்."

"காத்துக்கு அவ்வளவு கனமா?" என்றார் வாட்ச்மேன்.

"ரெண்டு தடியனுங்க மூடி மேல உட்கார்ந்த மாதிரின்னு வச்சுக்குங்க."

அந்த நேரம் பார்த்து அமிர்தம் மேடம் உள்ளே வந்தார். முசிறிக்காரர், குரலிலேயே கண்டிப்பு தெரிந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணிக்கு ஷிஃப்ட் மாறணும். பத்து நிமிஷம் தரேன். அதுக்குள்ள நான் புளியோதரை சாப்பிடறேன். அப்புறம் நான் போயிடுவேன், கோவிச்சுக்காதீங்க."

கியாசுதீனுக்குக் கண் முன்னால் ஏர்போர்ட் வாசல் வந்து நின்றது. சூடு காட்டினால் உள்ளே இருப்பது மறுபடி விரியும், மூடி விட்டுக் கொடுக்கும். அது தெரியும். சூட்டுக்கு எங்கே போவது? ஹாலில் அடுப்பு கிடையாது.

"எதிர்த்தாப்ல டீக்கடை இருக்கு. கொதிக்கிற தண்ணி வாங்கிட்டு வந்து மூடி மேல ஊத்திடறேன்."

"ஊத்தாதீங்க" என்றாள் மஜீதா. "மூடி விட்டுச்சுன்னா தண்ணி அப்படியே உள்ள இறங்கும். பிரியாணி கஞ்சியாயிடும்." ஒரு நொடி யோசித்தாள். "தம் போடுற மாதிரி போடலாம்ங்க. அடுப்புல கரி இல்லாதப்ப மூடி மேல கொதிக்கிற தண்ணிப் பாத்திரத்தைத் தூக்கி வைப்பேன்ல, அந்த மாதிரி."

பாத்திரம் வேண்டுமே என்று அவர்கள் விழிப்பதற்குள், பத்ரி புளியோதரையை மளமளவென்று தட்டுகளில் கொட்டிவிட்டுத் தூக்கை அலம்பிக் கொண்டுவந்து நீட்டினார். "எங்காத்துத் தூக்கு. அடி நல்ல கனம், சூடு நிக்கும். எடுத்துண்டு போங்கோ."

போட்டிக்காரர் கொடுத்த பாத்திரத்தோடு கியாசுதீன் இரண்டு மாடி இறங்கி ஓடினார். கெஞ்சுகிற முழங்கால் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. டீக்கடையில் பூவரசன் என்ற மாஸ்டர் பாய்லர் முன்னால் நின்றிருந்தார்.

"கொதிக்கிற தண்ணி வேணும், இது நிறைய."

"டீ எத்தனை?"

"டீ வேண்டாம். தண்ணி மட்டும். பிரியாணி மூடியைத் திறக்கணும்."

பூவரசன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வெயில் ஜாஸ்திதான் என்று முணுமுணுத்தபடி குழாயைத் திறந்துவிட்டார்.

மூச்சிரைக்க மேலே வந்தபோது மஜீதா வெள்ளைத் துணியை நாலாக மடித்துத் தயாராக வைத்திருந்தாள். அதைச் சுடுதண்ணீரில் முக்கி, மூடியின் பள்ளத்தில் பரப்பி, அதன் மேல் தூக்கை வைத்தாள். எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஒரு நிமிடம் ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. அமிர்தம் மேடம் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். மஜீதா துணியை எடுத்து இன்னொரு தடவை முக்கிப் போட்டாள். அவள் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. விரல் சிவந்துபோயிருந்ததை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. அவர்தான் கவனித்தார். இவ்வளவு தவிப்பு இவளுக்குள் இருந்ததா?

டொக் என்று மூடி பழையபடி மேலே எழும்பியது.

கியாசுதீன் தூக்கையும் துணியையும் அகற்றிவிட்டு, இரண்டு கையாலும் மூடியைப் பிடித்து லேசாகத் திருகினார். உஸ்ஸென்று ஒரு சத்தம். மூடி கையோடு வந்தது. வாசனை கிளம்பி ஹாலைத் தாண்டி வராந்தா வரைக்கும் போனது. மருந்துத் தள்ளுவண்டியோடு போய்க்கொண்டிருந்த இரண்டு நர்சுகள் அப்படியே நின்று எட்டிப் பார்த்தார்கள்.

அமிர்தம் மேடம் ஒரு கரண்டி கேட்டார். சாப்பிட்டார். பிறகு யாரும் கேட்காமலே தட்டை இன்னொரு தடவை நீட்டினார்.

"வாரத்துல மூணு நாள் ஸ்ரீரங்கத்துக்காரரு, மூணு நாள் நீங்க" என்றார் கையைத் துடைத்துக்கொண்டே. "ஜூன் ஒண்ணாந்தேதியிலேருந்து. ஆனா ஒண்ணு. இன்னைக்கு ஒருத்தர், நாளைக்கு ஒருத்தர்னு ஆட்டோக்காரங்க கையில குடுத்து விடக்கூடாது. பொறுப்பா ஒரு ஆள் நேரத்துக்குக் கொண்டு வரணும். யாரு வருவா?"

கியாசுதீன் தரையைப் பார்த்தார். ஜூன் ஒன்றாம் தேதி என்றால், ஃபிளைட் தேதியான இருபத்தெட்டு போய் நாலு நாள்.

மஜீதா அவர் பக்கம் திரும்பவேயில்லை. டப்பாவின் ஓரத்தைத் துடைத்தபடியே சொன்னாள்:

"இவரு கொண்டு வருவாரு மேடம். இனிமே இங்கதான் இருப்பாரு. டப்பாவை மட்டும் நான் மூடிக்கிறேன்."