பதினாறாவது கட்டம்

எனக்குக் கோபம் வந்தால் கம்ப்யூட்டரையே திட்டுவேன். அன்று திட்ட வேண்டியது என்னைத்தான்.

முதலாளி ஆனந்தராசாவின் போட் கவிழ்ந்து செத்தவனின் முப்பத்தோராம் நாள் பேனருக்குப் படம் செய்துகொண்டிருந்தேன். கடைசியாகக் கடலுக்குப் போன காலையில் உப்புவெளிக் கரையில் யாரோ போனில் எடுத்தது. போட்டில் சாய்ந்து நின்று சிரிக்கிறான், பாவி. என் ஸ்டூடியோவுக்குப் பேர் வாங்கித் தந்த கட்ட வேலையைத்தான் இதற்கும் போட்டேன். படத்தைப் பதினாறு கட்டமாகப் பிரித்து, மேலே வெளிச்சம் கூட்டும் லேயர் ஒன்று, அதற்கொரு மாஸ்க். மாஸ்க்கில் வெள்ளையடித்த கட்டம் பளிச்சிடும். கறுப்படித்தது பழையபடி இருட்டாகவே கிடக்கும்.

கடைசிக் கட்டத்தை வெள்ளையாக்கினேன். நிழலுக்குள் இருந்த போட்டின் அடிப்பக்கம் தெரிந்தது. ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு. அதற்குள் பழைய சாரத் துணியை அடைத்திருந்தார்கள்.

"இதோடயா கடலுக்கு அனுப்பினீங்க?" என்றேன்.

பின்னால் நின்ற முதலாளி குரலை உயர்த்தவேயில்லை. "அலை அடிச்சுக் கவிழ்ந்ததெண்டு எல்லாரும் நம்பிட்டினம். அதைக் கறுப்பாக்குங்கோ தம்பி. உங்கட கடையும் என்ர கட்டிடத்திலதானே இருக்கு."

எனக்கு வாய் மட்டும்தான் நீளம். கறுப்பாக்கிப் பிரிண்டுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை, செத்தவனின் மனைவி தயாளினி பேனர் எடுக்க வந்தாள். விரித்துப் பார்த்து, மூலையைத் தொட்டாள்.

"சுத்திவர வெளிச்சம். இது மட்டும் ஏன் இருட்டு, நானா?" என்றாள், அண்ணனைக் கூப்பிடுவதுபோல.

"அது ஸ்டைல், தங்கச்சி." சீ, நானும் ஒரு மனிசன்!

"முதலாளி நல்லவர். என்ர மனிசன்ர இடத்தை என்ர தம்பி இராகுலனுக்குக் குடுத்திட்டார். கவிழ்ந்து கரையொதுங்கின அதே போட்தான். புதுப் பெயின்ட் அடிச்சிருக்கு. இண்டைக்கு விடியவே போயிட்டான்."

அல்லாஹ்வே! ஓடிப்போய் அந்தக் கட்டத்தை வெள்ளையாக்கி அவளைக் கூப்பிட்டேன். கதிரையில் இருக்காமலே பார்த்தாள்.

"வெடிப்பைச் சரியாக்கினவங்களா, மேல பெயின்ட் மட்டும்தானா?"

"தெரியாது."

போனில் தம்பியை அழைத்தாள். மணி போகவில்லை.

"இதை எப்ப கண்டனீங்க?"

"நேற்று."

"நேற்று அவன் வீட்டிலதானே இருந்தவன்," என்றாள். என்னைப் பார்க்காமல் மறுபடி அழைத்தாள்.