நெடுமுடியாரின் சபதமும் பதினைந்து கதிரைகளும்

மண்ணுக்கு மேலே முடிசூடிய மன்னர்களெல்லாம் மண்ணோடு மண்ணாகிவிட்டார்கள். மண்ணுக்குக் கீழே முடிசூடிய மாவீரர், குள்ளர் குலக் கோமான், கீழ்மணல் நாட்டின் நெடுமுடி வேந்தர் ஒருவர்தான் இன்றைக்கும் அசையாமல் நிற்கிறார்.

நிற்கிறார் என்பதில் சந்தேகமே இல்லை. செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணியிலிருந்து, மன்னார் உப்புக்குளத்தில் உள்ள நிலத்தடி அனுமதிக் கந்தோரில், தண்ணீர்ப் போத்தல் வைத்த மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

வயது முந்நூற்றுப் பன்னிரண்டு. உயரம் முடியோடு சேர்த்து நாலடி. முடி இல்லாமல் எவ்வளவு என்று கேட்ட அயல்நாட்டுத் தூதர் எவரும் நல்லபடியாக ஊர் திரும்பியதில்லை. இராட்சத நண்டுகளோடு பதினொரு போர் செய்தவர். தாழ்வுபாட்டு மணலுக்குக் கீழே, சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து முப்பாட்டனார் அமைத்த அரியாசன மண்டபத்தில் அவருடைய வெற்றிகளெல்லாம் செதுக்கப்பட்டிருக்கின்றன. தோல்விகளைச் செதுக்கச் சிற்பிக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

அந்த மண்டபத்துக்கு நேர் மேலேதான் போன கிழமை யாரோ வந்து சிவப்பு மை பூசிய கட்டை ஒன்றை அடித்துவிட்டுப் போனார்கள். கருவாடு காயவைக்கும் வாடிக்குக் குழாய்க்கிணறு தோண்டப் போகிறார்களாம். வெள்ளிக்கிழமை மெஷின் வரும். மெஷின் இறங்கினால் முதலில் கூரை போகும், பிறகு அரியாசனம் போகும், பிறகு நாடு போகும்.

அரசர் விட்டாரா? நாற்பது வீரர்களோடு மேலேறி வந்து, முரசு கொட்டி, அந்தக் கட்டையைப் பிடுங்கித் தலைக்கு மேலே சுழற்றி எறிந்தார். மறுநாள் இரண்டு கட்டை அடித்தார்கள். கூடவே பக்கத்துப் பனையில் ஓர் அறிவித்தலும் ஒட்டினார்கள்: ஆட்சேபணை உள்ளோர் வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு முன் கந்தோருக்கு நேரில் வரவும்.

அன்று மாலை அவை கூடியது. "அந்தக் கட்டைகள் அகலும்வரை நான் அமரேன்!" என்று அரசர் சபதம் செய்தார். முன்னொரு நண்டுப்போரில் "உண்ணேன்" என்று சொல்லிவிட்டு மத்தியானத்துக்குள் பட்ட பாடு நினைவில் இருந்ததால், இம்முறை வயிற்றைத் தொடாத சபதமாகப் பார்த்து எடுத்திருந்தார். இருநூறு குள்ளர்கள் கேடயத்தில் தட்டி ஆர்ப்பரித்தார்கள். அமைச்சர் மட்டும், "மன்னா, கந்தோர் அலுவல், கொஞ்சம் யோசித்து..." என்று இழுத்தார். அந்த இரைச்சலில் அவர் பேச்சு எங்கே எடுபடும்?

செவ்வாய்க்கிழமை பஸ்சில் கண்டக்டர் சீற்றைக் காட்டினான். அமரேன் என்றார். டவுன் வரை கம்பியைப் பிடிக்க எட்டாமல், பக்கத்தில் நின்றவரின் இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

கந்தோர் வாசலில் பியோன் கதிர்காமு மறித்தார்.

"கோடாலி வெளியில."

"இது எழுபது நண்டின் ஓடு பிளந்த கோடாலி!"

"ஹெல்மெட், குடை, கோடாலி எல்லாம் வெளியிலதான், ஐயா. வைச்சிட்டு உள்ள போய் இருங்கோ."

"அமரேன்."

"அப்ப நில்லுங்கோ," என்றார் கதிர்காமு. அவருக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை.

உள்ளே சுவரோரம் பதினைந்து பிளாஸ்ரிக் கதிரைகள். முதற்கதிரையில் இருப்பவர் எழும்பிக் கவுண்டருக்குப் போக, மற்ற எல்லாரும் ஒவ்வொரு கதிரை நகர்ந்து இருப்பார்கள். அதுதான் வரிசை. எங்கும் எழுதி ஒட்டவில்லை. மன்னாரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்ததை எதற்கு எழுதி ஒட்டுவான்?

கீழ்மணலில் வழக்கம் வேறு. அரசரைக் காண வந்தவன் நிற்பான். வேலை இல்லாதவன்தான் உட்கார்ந்திருப்பான். ஆகவே நெடுமுடியார், இந்த ஊரில் விசிறிக் காற்று வாங்க இத்தனை சோம்பேறிகளா என்று மனதுக்குள் இகழ்ந்தபடி, தன்னை அழைப்பார்கள் என்று நின்றார். கதிர்காமுவோ, நிற்கிறவர்கள் எல்லாம் யாருக்கோ துணைக்கு வந்தவர்கள் என்று கணக்கெடுத்திருந்தார். ஆக, நான்கேகால் மணிக்குக் கந்தோர் பூட்டும்வரை ஒருவர்மேல் ஒருவருக்குக் குறை இல்லை.

புதன்கிழமை பௌர்ணமி, போயா விடுமுறை. பூட்டிய கேற்றுக்கு முன்னால் இரண்டு கழுதைகளோடு நின்றார். கழுதைகள் பத்து மணிக்கு விளங்கிக்கொண்டு போய்விட்டன.

வியாழக்கிழமை ஒரு மணி ஆனது. கண்முன்னாலேயே நாற்பத்தேழு சோம்பேறிகள் ஒருவர் பின் ஒருவராகக் கவுண்டருக்குப் போய், சீல் குத்திய கடதாசியோடு சிரித்துக்கொண்டு வெளியேறிவிட்டார்கள். கால் இரண்டும் கல்லாகியிருந்தன. அரசர் தாடியை உதறி, நண்டுகள் கேட்டாலே வளைக்குள் ஓடும் தன் போர்முழக்கத்தை எழுப்பினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"சத்தம் போடாதேங்கோ ஐயா," என்றார் கதிர்காமு. "கவுண்டர் மிஸ் போனில கதைக்கிறா."

கடைசிக் கதிரையில் சிவலட்சுமி என்றொரு பெண் இருந்தார். தீவுக்கு அப்பால், பெருநிலத்தில் வயல் செய்பவர். வயற்கிணற்று அலுவலாகச் செவ்வாய்க்கிழமை வந்து, போட்டோகொப்பி இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டு, இன்றைக்கு மறுபடி வந்திருந்தார்.

"ஐயா, அண்டைக்கும் பாத்தனான், நிண்டீங்கள். நீங்கள் ஆரோட வந்தனீங்கள்?"

"தனியே வந்தேன். படை ஊரில் நிற்கிறது."

"அப்ப ஏன் மேசையோட நிக்கிறியள்? வரிசையில இருக்கிறதுதானே?"

"எது வரிசை?"

"இந்தக் கதிரையள்தான் வரிசை."

அரசர் கதிரைகளை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். பிறகு கடைசியிலிருந்து முதல்வரை பார்த்தார். நண்டுப்படை பின்னாலிருந்து வந்த அன்றுகூட அவர் முகம் அப்படிப் போனதில்லை.

"நான் அமர முடியாது, அம்மா. சபதம்."

சிவலட்சுமிக்கு முந்திய கதிரையில் இருந்த மீராசாஹிபு, டவுனில் ஹாட்வெயார் கடை முதலாளி, இதைக் கேட்டுத் திரும்பினார். "தம்பி, சபதம் உங்களுக்குத்தானே? தொப்பிக்கு இல்லையே?"

"எனக்கு வயது முந்நூற்றுப் பன்னிரண்டு. இது தொப்பியும் அல்ல."

"சரி, பெரியவர். அந்தப் பித்தளைச் சாமானை இதில வையுங்கோ. ஆஸ்பத்திரியில நாங்கள் பையை வைச்சு இடம் பிடிக்கேல்லையா? நான் தள்ளிக்கொண்டு வாறன்." வரிசை நகர்ந்ததும், தனக்கு முன்னால் ஒரு கதிரையை விட்டுவைத்தார்.

பதினொரு போரிலும் தலையை விட்டு இறங்காத முடி, பிளாஸ்ரிக் கதிரையில் இறங்கியது. ஒவ்வொருவர் எழும்பும்போதும் மீராசாஹிபு அதை அடுத்த கதிரைக்குத் தள்ளினார். முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகும் தகப்பனைப்போல, வெறுந்தலையோடு அரசர் பக்கத்தில் நடந்தார்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் முடி முதற்கதிரைக்கு வந்தது.

"அடுத்த ஆள்," என்று கவுண்டருக்குப் பின்னாலிருந்த றிஸ்மினா மிஸ் நிமிர்ந்தார். "இது ஆருடைய தொப்பி?"

கதிர்காமு ஒரு கடதாசிப் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டார். அரசர் அதில் ஏறியதும் மிஸ்சுக்கு நெற்றி தெரிந்தது.

"பேர்?"

"குள்ளர் குலக் கோமான், கீழ்மணல் காவலன், நண்டுப்படை நடுங்க..."

"முதலெழுத்தோட பேர் மட்டும்."

"க. நெடுமுடி."

"தொழில்?"

"அரசன்."

அரச உத்தியோகம் என்று எழுதினார் மிஸ். "நிலத்துக்குக் கீழ கட்டடம், குழாய், கேபிள் ஏதும் இருக்கோ?"

"அரியாசன மண்டபம் இருக்கிறது."

"கட்டடம்," என்று ஒரு சரி போட்டார்.

அரசர் நெஞ்சை நிமிர்த்தினார். மூன்று நாளாக நின்று நின்று செதுக்கிய உரை தயாராக இருந்தது. "பெண்ணே, கேள்! அந்தக் கட்டை ஒரு சாண் கீழிறங்கினாலும், உப்புக்குளம் முதல் முசலி வரை..."

"ஐயா, வடக்கால பத்தடி தள்ளி அடிச்சாச் சரிதானே?"

உரை முசலியோடு நின்றது. "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமையே கேட்டிருக்கலாமே. வடக்கால கீழ என்ன இருக்கு? ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ, வேற பக்கம் போடுவம்."

அரசர் வாயைத் திறந்தார். பின்னால் பதினைந்து கதிரைகளும் காது கொடுத்தன. சிவலட்சுமி கழுத்தை நீட்டினார். முடியை மடியில் வைத்திருந்த மீராசாஹிபு அதைத் தடவுவதை நிறுத்தினார். மிஸ்சின் பேனை காத்திருந்தது.

"ஒன்றுமில்லை," என்றார் நெடுமுடி வேந்தர் கம்பீரமாக. "வெறும் மணல்."

சீல் விழுந்தது.

அன்று மாலையே கட்டைகள் பிடுங்கப்பட்டு, வடக்கே பத்தடி தள்ளி ஒன்று அடிக்கப்பட்டது. கீழ்மணலில் முரசு முழங்கியது. மூன்று நாளுக்குப் பிறகு அரசர் அரியாசனத்தில் அமர்ந்தார். 'வடதிசை வென்றான்' என்ற புதுப்பட்டத்தைச் சுவரில் செதுக்கச் சொல்லிச் சிற்பிக்கு ஆணை போனது. அமைச்சர் ஏதோ சொல்ல வந்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை காலை மெஷின் சொன்ன நேரத்துக்கு வந்தது.

வடக்கே பத்தடியில் இருந்தது அரண்மனையின் ஒரே கக்கூசு.