மாமனார் மெச்சிய கை

பாரிஸ் ஓவியக் கண்காட்சிக்கு வரும் படங்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் லெயோனியின் மாமனார் தியோதூல்தான் மூத்தவர். கேமராக்காரர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது; புகைப்படம் எதையும் கண்காட்சிச் சுவரில் ஏற விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை விருந்துகளில், படம் பிடிக்கும் மருமகளை "எங்க வீட்டு மெஷின்காரி" என்றுதான் அறிமுகப்படுத்துவார்.

அதனால்தான் அவள் பிறந்த வீட்டுப் பெயரில் ஒரு படம் அனுப்பினாள். ஆப்பிளின் தோலைச் சீவும் ஒரு வயதான கை. விண்ணப்பத்தில், படம் எதனால் செய்தது என்று கேட்ட கட்டத்தை மட்டும் காலியாக விட்டாள். படம் தன் தகுதியால் சுவரேறட்டும், அதன்பிறகு ஊருக்குத் தெரியட்டும் என்று நினைத்தாள்.

பாதி பலித்தது. குழு ஒருமனதாகப் படத்தை ஏற்றது. காலிக் கட்டத்தை நிரப்ப அவளை வரச் சொன்னது. அவள் கூடத்துக்குள் நுழைந்தபோது தியோதூல் அந்தப் படத்தின் முன் நின்று, இப்படி ஒரு விரல் மூட்டை வரைய முப்பது வருஷக் கரிக்கோல் பழக்கம் வேண்டும் என்று சகாக்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மருமகளைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"இது உன்னோடதா?"

"ஆமா மாமா. ஆனா கரிக்கோல் இல்ல, போட்டோ. கோந்துல கரிப்பொடி கலந்து தாள்ல பூசி, நெகடிவ் வச்சு வெயில் காட்டி, பிரஷ்ஷால கழுவி எடுத்தது."

யாரோ சிரித்தார். தியோதூலின் காது சிவந்தது. அவளை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போய், பல்லைக் கடித்தபடி சொன்னார்.

"கரிக்கோல்னு எழுதிட்டுப் போ. உன் படம் சுவத்துல இருக்கும், என் மானமும் இருக்கும்."

அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஐந்து வருடமாக விரல் கறுத்துக் கிடந்தது இந்தச் சுவருக்காகத்தானே. பேனாவை வாங்கினாள். 'புகைப்படம்' என்று எழுதினாள்.

"மெஷினுக்கு ஏதுடி கண்ணு?"

"எனக்கு இருக்கு மாமா. இவ்வளவு நேரம் மெச்சுனீங்களே, அது யார் கை? நாப்பது வருஷமா உங்க தட்டுல சூப் ஊத்துற கை. உங்களுக்கு அடையாளம் தெரியல."

 தியோதூல் குமாஸ்தாவின் கையிலிருந்த நிராகரிப்பு முத்திரையைப் பிடுங்கி, சட்டத்தின் பின்பக்கம் தானே ஓங்கிக் குத்தினார்.

படத்தோடு வீடு திரும்பிய மருமகள் நடந்ததைச் சொல்லக் கேட்ட மாமியார் சிதோனி சுத்தியலை எடுத்தாள். சாப்பாட்டு அறையில் கணவரின் நாற்காலிக்கு நேர் எதிரே ஆணி அடித்தாள். முத்திரை குத்திய முதுகு வெளியே தெரியும்படி படத்தைத் திருப்பி மாட்டினாள். பிறகு அவர் தட்டில் சூப் ஊற்றினாள்.