கிணற்றில் கட்டிய கம்ப்யூட்டர்

இருபத்தாறு வருஷத்தில் நயினார் செய்துகொடுத்த பீரோக்களில் ஒன்றுகூட ஒழுகியதாகப் புகார் வந்ததில்லை. பீரோவுக்குள் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அவர் அப்படி நினைக்கவில்லை. அதனால்தான் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு மகள் காளீஸ்வரி பட்டறை வாசலில் வந்து நின்று, "யப்பா, பொட்டிக்குள்ள தண்ணி நிக்கி" என்றபோது அவருக்கு முதலில் கோபம் வந்தது. பயம் வந்தது அதற்குப் பிறகு.

பெட்டி என்று அவள் சொன்னது கம்ப்யூட்டரை.

காளீஸ்வரி அனிமேஷன் படித்தவள். தென்காசியில் ஒரு ஸ்டூடியோவில் இரண்டு வருஷம் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் காசு சேர்த்து, அவ்வளவையும் போட்டு, காட்சியைப் படம் படமாகத் தீட்டித் தரும் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கியிருந்தாள். கைக்குழந்தை மாதிரி இரண்டு கையாலும் ஏந்தித்தான் அதை எடுப்பாள். திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன கார்ட்டூன் கம்பெனி அவளுக்கு ஒரு பரீட்சை வைத்திருந்தது. நாற்பது செகண்ட் காட்சி ஒன்றைச் செய்து வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பினால் வேலை. கம்பெனியில் மெஷின் கிடையாது. வருகிறவர்கள் அவரவர் மெஷினோடு வர வேண்டும். வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே செய்யலாம்.

நயினார் காதில் விழுந்தது அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான்.

அந்தக் கார்டு ராத்திரி பகலாக ஓடினால் தோசைக்கல்லாகச் சுடும் என்றும், அதன் மேல் ஒரு செம்புக் கட்டியை வைத்து உள்ளே தண்ணீரை ஓடவிட்டுச் சூட்டை இழுக்க வேண்டும் என்றும் காளீஸ்வரி சொன்னாள். இதற்கெல்லாம் ஏற்ற பெட்டி ஒன்றைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து கொடுத்தாள். ஒன்றரை அடி உயரம். சூட்டை வெளியே விட உள்ளேயே ஒரு ரேடியேட்டர், இரண்டு விசிறி. பெட்டியின் உச்சியில் வளைவாக ஒரு கோடு.

"இது என்னட்டி?"

"கைப்பிடிப்பா."

"பீரோவுக்கு எதுக்குக் கைப்பிடி?"

"இது பீரோ இல்லப்பா."

நயினார் காது கேட்காதவர்போல அளவுகோலைத் தேடத் தொடங்கினார்.

அவர் செய்து முடித்தது நாலடி உயரத்தில் நின்றது. பீரோவுக்குப் போடுவதைவிடத் தடித்த தகடு, இரட்டைக் கதவு, பூட்டு. அதிர்வு இருக்கக்கூடாது என்று காரணம் சொல்லி, தரையைத் துளைத்து நாலு போல்ட்டில் இறுக்கினார். ரேடியேட்டர் எதற்கு, கொல்லையில் கிணறு இருக்கும்போது? செம்புக் குழாயைச் சுருட்டிக் கிணற்றடிச் சிமெண்டுத் தொட்டிக்குள் இறக்கி, இரண்டு முனையையும் ஜன்னல் வழியாகப் பெட்டிக்குள் கொண்டுவந்துவிட்டார். பெட்டிக்குள் ஓடும் தண்ணீர் தொட்டிக்குப் போய்க் குளிர்ந்து திரும்பி வரும். அவள் ஆசையாக வாங்கிய ரேடியேட்டர், பிரிக்காத டப்பாவோடு பரண் ஏறியது.

மனைவி பேச்சித்தாய் அந்த நாலு போல்ட்டையும் பார்த்தாள். புருஷனையும் பார்த்தாள். "மெஷினுக்கு விலங்கு மாட்டியாச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இப்போது அந்தப் பெட்டியின் அடியில் அரை டம்ளர் தண்ணீர் நின்றது. செம்புக் கட்டியின் கீழ் விளிம்பில் ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே கார்டு. காளீஸ்வரி மெஷினை நிறுத்திவிட்டு, பழைய சுடிதார்த் துணியின் முனையால் அந்தச் சொட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒற்றி எடுத்தாள்.

"எவ்வளவு முடிஞ்சிருக்கு?" என்றார் நயினார்.

"மொத்தம் தொள்ளாயிரத்து அறுவது பிரேம். முந்நூத்தி நாப்பது முடிஞ்சிருக்கு. மிச்சத்துக்கு இன்னும் முப்பத்தோரு மணி நேரம் விடாம ஓடணும்."

"அப்படின்னா?"

"நாளைக்கு விடியதுக்குள்ள மறுபடி ஓடத் தொடங்கணும். இல்லன்னா வெள்ளிக்கிழம முடியாது." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நேத்துக் காலையிலயும் லேசா ஈரம் இருந்துச்சுப்பா. மத்தியானம் காஞ்சிட்டு. சங்கடப்படுவீயன்னுதான் சொல்லல."

கார்டு மட்டும் போயிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று நயினார் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள் என்பதுதான் பயமாக இருந்தது.

குழாயில் இருந்த தண்ணீரை வடித்தார். ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்பால் காற்றடித்து, அழுத்தம் காட்டும் மீட்டரை மாட்டினார். சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவிவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒரு குமிழ்கூடக் கிளம்பவில்லை. மீட்டர் முள் அரை மணி நேரமாகியும் ஒரு நூல் இறங்கவில்லை. எங்கேயும் ஓட்டை இல்லை, ஆனால் தண்ணீர் வருகிறது. ஓட்டை இருந்திருந்தால் அடைத்துவிடலாம். இல்லாத ஓட்டையை எங்கே போய் அடைப்பது?

செம்புக் குழாய்களைப் பற்றவைத்தவன் பிரிட்ஜ் மெக்கானிக் சிவசைலம். அவனைத் திட்டினாலாவது மனசு சற்று ஆறும் என்று தோன்றியது. குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ஏசி வேலையில் இருக்கிறான் என்று தெரிந்ததும் மொபெட்டை எடுத்தார்.

மேலகரத்திலிருந்து குற்றாலம் எட்டிப் பிடிக்கிற தூரம்தான். ஆனால் சீசன். சாரல் கண்ணாடியில் பூப்பூவாக விழுந்து வழியை மறைத்தது. ஈரத்துண்டைத் தோளில் போட்ட கூட்டம் ரோட்டை அருவிக்கரை என்று நினைத்து நடந்தது. வேன்களுக்கு நடுவே அவர் காலை ஊன்றி நின்றபோது, எண்ணெய்க் கிண்ணத்தோடு ஒருவர் வந்து முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, தலையில பயங்கரச் சூடு தெரியுது. ஒரு தேய்ப்புத் தேய்ச்சா இறங்கிரும்."

"எனக்கில்ல, எங்க வீட்டு மெஷினுக்குத்தான் சூடு."

"கூட்டிட்டு வாங்க, அதுக்கும் தேய்ப்போம்" என்றார் அவர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

லாட்ஜின் பின்பக்கச் சந்தில் ஸ்டூல்மேல் நின்று எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான் சிவசைலம்.

"ஏலே, நீ வச்ச ஜாயிண்டு ஒழுகுது."

"சோப்பு போட்டுப் பாத்தீயளா?"

"பாத்தேன்."

"குமிழி வந்துச்சா?"

"வரல."

"முள்ளு இறங்குச்சா?"

"இல்ல."

"பெறகு எதுக்கு எம்மேல பாயுதிய?"

பதில் சொல்ல வாயைத் திறந்த நயினாரின் பிடரியில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். அந்த இடத்தில் கூரை இருந்தது, சாரல் வர வழியில்லை. தலைக்குமேல் சுவரோடு ஓடிய ஏசி குழாயிலிருந்துதான் விழுந்தது. அடுத்த சொட்டும் அதே இடத்தில் திரண்டுகொண்டிருந்தது.

"இந்தா, இங்கனயும் ஒழுகுதே. இதுவும் நீ வச்சதுதான?"

"அது ஒழுகல அண்ணாச்சி, வேர்க்குது. மேல சுத்தியிருந்த பஞ்சு கிழிஞ்சுபோச்சு." சிவசைலம் ஸ்டூலை விட்டு இறங்கினான். "குளுந்த குழாயில ஈரக் காத்து பட்டா வெளியில தண்ணி கோத்துக்கிடும். ஐஸ் தண்ணி ஊத்துன சொம்பு நனையலியா, அது மாரி. ஒங்களுக்கு எப்ப சொட்டுது?"

"காலையில."

"தொட்டிக்கு மோட்டார் போடுதது?"

"ஆறு மணிக்கு."

"கிணத்துக்குத் தண்ணி எங்கருந்து ஊறுது?"

நயினார் மலையைப் பார்த்தார். பாதி மலை மேகத்துக்குள் இருந்தது. மீதிப் பாதியில் வெள்ளைக் கோடாக அருவி இறங்கிக்கொண்டிருந்தது. சீசன் தொடங்கிவிட்டால் அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்துவிடும். காலையில் வாய் கொப்பளித்தால் பல் கூசும். அந்தக் குளிர்ச்சியைப் பற்றித்தான் போன வாரம் முழுக்கத் தெருவில் பெருமை பேசியிருந்தார்.

"குழாய்க்கு நானும் பஞ்சு சுத்திட்டா?"

"குழாய்க்குச் சுத்தலாம். கார்டு மேல உக்காந்திருக்க செம்புக் கட்டிக்கு எப்படிச் சுத்துவீய? அது வேர்த்தா நேரா கரண்டுலதான சொட்டும். கிணத்துலருந்து அவுத்து விட்டுருங்க. வேற வழியே கிடையாது." பிறகு தாங்க முடியாமல் கேட்டான். "மாட்டக் கட்டுத மாரி கம்ப்யூட்டரக் கொண்டுபோய் யாராவது கிணத்துல கட்டுவாவளா? ஒங்களுக்கு எப்படி இது தோணுச்சு?"

எப்படித் தோன்றியது என்று நயினாருக்கு நன்றாகவே தெரியும். அதனால் சாரல் வலுக்கிறது என்று சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்தார்.

வீட்டில் ரேடியேட்டர் டப்பா பரணிலிருந்து இறங்கி மேசைமேல் உட்கார்ந்திருந்தது. காளீஸ்வரி அதன்மேல் இருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிவசைலம் சொன்னதையெல்லாம் நயினார் அவளிடம் சொன்னார்.

"கிணறு சரிப்படாதுன்னு ஒனக்கு முதல்லயே தெரியுமாட்டி?"

"வேர்க்கும்னு தெரியாதுப்பா. ஆனா வேண்டாம்னு சொன்னேன். நீங்க மறுநாளே குழாய் வாங்கிட்டு வந்துட்டீய."

நயினார் கட்டம் போட்ட தாளைக் கேட்டு வாங்கினார். அன்றைக்குத்தான் அதை முழுதாகப் படித்தார். பக்கத்தகட்டில் காற்றுப் போக எத்தனை துளை, துளைக்குத் துளை எவ்வளவு இடைவெளி, கார்டுக்கும் பம்புக்கும் நடுவே எத்தனை விரற்கடை, எல்லாம் பொடி எழுத்தில் இருந்தது. எந்தத் தகட்டை எந்தப் பக்கம் மடித்தால் விளிம்பு கையை அறுக்காது என்றுகூடக் குறித்திருந்தாள். இத்தனை நாளும் பட்டறையின் எந்த மூலையில் நின்று இவள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவருக்குப் புரியவில்லை.

மெல்லிய தகட்டை எடுத்தார். வெட்டினார், மடித்தார், ஸ்பாட் வெல்டிங்கில் பொட்டுப் பொட்டாக ஒட்டினார். பெயிண்ட் காய நேரமில்லை, வெறும் தகடாகவே விட்டார். நள்ளிரவில் ஒரு துளை அரை நூல் தள்ளிப் போய்விட்டது. பீரோவாக இருந்தால் பட்டி பூசி மறைத்திருப்பார். இதற்குத் தகட்டையே மாற்றினார். பேச்சித்தாய் கொண்டுவந்து வைத்த காபி ஆறி ஆடை கட்டியது.

விடியற்காலை இரண்டு மணிக்குக் காற்றடித்துச் சோதித்து, பேட்டரிக் கடையில் விற்கும் வடித்த தண்ணீரை ஊற்றி, பம்பை ஓடவிட்டார்கள். பெட்டிக்கு அடியில் வெள்ளைத்தாள் விரித்திருந்தது. ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும். முதல் ஒரு மணி நேரம் மூன்று பேரும் டார்ச்சோடு தரையில் உட்கார்ந்து அந்தத் தாளையே பார்த்தார்கள். நயினாருக்கு இரண்டு தடவை ஈரம் தெரிந்தது. முதல் தடவை அது அவர் நெற்றியிலிருந்து விழுந்தது. இரண்டாவது தடவை வெறும் பிரமை.

முந்நூற்று நாற்பத்தொன்று என்றது திரை. கொஞ்ச நேரம் கழித்து நாற்பத்திரண்டு.

வியாழக்கிழமை காலை சாரல் ஜன்னலை நனைத்துக்கொண்டிருந்தபோது பேச்சித்தாய் தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, "காஞ்சுதான் கிடக்கு, வந்து தின்னுங்க" என்றாள். அன்றைக்கு முழுக்க மின்வெட்டு வந்துவிடக் கூடாதே என்று நயினார் கரண்டுக் கம்பியைப் பார்த்தபடியே தெருவில் நடந்தார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தொள்ளாயிரத்து அறுபதும் முடிந்து, பதினொன்றே முக்காலுக்குக் காட்சி திருவனந்தபுரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நாலு மணிக்குப் பதில் வந்தது. "வேல கிடச்சிட்டுப்பா. ஒண்ணாந்தேதிலருந்து." சொல்லிவிட்டு அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற ஒண்ணும் போடலியா?"

"அங்க வாறியா, வீட்டுலருந்தே செய்யுதியான்னு கேட்டிருக்காங்க. நாளைக்குச் சொல்லுதேன்னு போட்டுட்டேன்."

நயினார் தலையாட்டினார். பழைய நாலடிப் பெட்டி போல்ட்டோடு மூலையில் அப்படியே நின்றது. பேச்சித்தாய் அதற்குள் போர்வைகளை அடுக்கியிருந்தாள். அதன் பக்கத்தில் புதுப் பெட்டியை வைத்துப் பார்த்தால், யானைக்குப் பக்கத்தில் பால்சொம்பு வைத்த மாதிரி இருந்தது.

பட்டறைக்குப் போனவர் ஒரு கம்பித் துண்டோடு திரும்பி வந்தார்.

"கையக் காட்டு."

"எதுக்குப்பா?"

"காட்டுட்டி."

அவள் கையை நீட்டினாள். அவர் அளவுகோலை விரல்களின் குறுக்கே வைத்து, நாலு விரலின் அகலத்தைச் சாக்பீஸால் கம்பியில் குறித்தார்.

"கைப்பிடி இல்லாமலே இருக்கட்டும்பா."

"வேண்டாம்னா ஏன் வரைஞ்ச?"

கம்பியோடு பட்டறைப் பக்கம் திரும்பினார். போகிறபோது, "ரயிலுல போகணும்னா கொல்லத்துல மாறணும்லா?" என்றார். "படி ஏறி இறங்கணுமே. ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு வச்சா, கூட வாற ஆளும் ஒரு பக்கம் பிடிச்சுக்கிடலாம்."

"ஒண்ணுதான்பா வரைஞ்சிருக்கேன்."

"சரி. ஒண்ணுதான்."

கம்பியை வளைத்து, மேல்தகட்டில் இரண்டு துளை போட்டு, போல்ட்டில் மாட்டினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தன் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். கரடாக இருந்தது. மறுபடி தேய்த்தார். பிறகு பெட்டியைத் தூக்கினார். பதினாலு கிலோ. அவள் தூக்கிவிடுவாள். அறையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, சாரல் படாமல் இருக்க ஒரு சாக்கை மேலே போர்த்திக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"அதத் தூக்கிட்டு எங்க போறீய?" என்று பேச்சித்தாய் வாசலிலிருந்து கேட்டாள்.

"பிடி தாங்குதான்னு பாக்கேன்" என்றார் நயினார். பால் சொசைட்டி வரை நடந்துவிட்டுத் திரும்பினார்.