சாய்ந்த பெட்டி

என் புருஷன் ஜெர்வின் சென்னையில் பாடி பக்கம் ஒரு கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டுகிறான். வீட்டுக்கு வந்தால் பொம்மை செய்கிறான். பொம்மை என்று சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். மேசை மேல் குட்டிப் படைகளைப் பரப்பி, பகடை உருட்டி, இன்ச் டேப்பால் அளந்து அளந்து நகர்த்தும் போர் விளையாட்டாம். சென்னீர்குப்பத்தில் ஒரு நண்பன் வீட்டில், கல்யாணமான ஆண்கள் நாலு பேர் கூடி இதற்காகச் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

இந்த முறை ஒரு பிளாஸ்டிக் டாங்கியை வாங்கி, அதன் சக்கரப் பட்டையை அறுத்துவிட்டு, உடைந்த ரோபோவின் கால்களை ஒட்டி, நடக்கிற டாங்கியாக மாற்றியிருந்தான். பீரங்கிக்குப் பேனா ரீஃபில். ரிவெட் ஆணிகளுக்கு என் அஞ்சறைப் பெட்டியிலிருந்து கடுகு. திட்டினேன், ஆனால் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"செல்வி, இந்தப் பக்கம் மொட்டையா கீதே. இன்னா வெக்கலாம்?" என்று ஒரு நாள் கேட்டான்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் எழுந்து போய், ஒரு பிளாஸ்டிக் துண்டை வெட்டி மடித்து, நானே ஒட்டினேன். "ஒரு பெட்டி போதும். நேரா வெக்காத, பின்னால சாய்ச்சு வை. மேல கண்ணு மாதிரி மூணு ஓட்டை."

"செம்மையா கீது" என்றான். நான் மறுபடி பீன்ஸ் நறுக்கப் போய்விட்டேன். அவ்வளவு சாதாரணமாக நடந்தது.

நான் ஆவடியில் டாங்கி செய்கிற தொழிற்சாலையில் வெல்டர். நாங்கள் இருக்கிற குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு ஒருத்தராவது அங்கேதான் வேலை. ஆனால் யார் எந்த ஷெட்டில் என்ன செய்கிறார்கள் என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்க மாட்டோம். தண்ணீர் வந்ததா, பிள்ளைக்கு டியூஷன் கிடைத்ததா, அதோடு சரி. புருஷனிடமும் நான் வாய் திறந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தபோது அந்த டாங்கி மேசையில் இருந்தது. கறுப்பு அடித்து, மேலே ராணுவப் பச்சை அடித்து, காய்ந்த பிரஷ்ஷால் புழுதி நிறம் தடவியிருந்தான். அந்தப் பச்சையில் பார்த்ததும்தான் நான் ஒட்டியது என்னவென்று எனக்கு உறைத்தது. இன்னும் வெளியே வராத ஒரு வண்டியில், தார்ப்பாய் போட்டு மூடிவைக்கிற வண்டியில், தினமும் நான் வெல்டிங் வைக்கிற பெட்டி அது. அதே சாய்வு. அதே மூன்று கண்.

"இத போட்டோ எடுத்தியா?"

"காலையிலயே ஸ்டேட்டஸ் வெச்சிட்டேன். நெறய பேர் பார்த்துட்டாங்க."

வேலை போகும். குவார்ட்டர்ஸ் போகும். கேஸ் வந்தாலும் வரும். அவனிடம் சொல்லலாம் என்றால், சொல்வதே இன்னொரு குற்றம். "அத எடுத்துடு" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவன் கேட்பதற்குள் கதவைத் தட்டினார்கள்.

கீழ்வீட்டு உத்தமன். செக்யூரிட்டியில் இருக்கிறார். தினமும் கேட்டில் எங்கள் போனை வாங்கி வைப்பவரே அவர்தான்.

"ஸ்டேட்டஸ்ல பார்த்தேன் தம்பி. நேர்ல பார்க்கலாம்னு வந்தேன்." டாங்கியைக் கையில் எடுத்தார். திருப்பினார். பெட்டி இருக்கும் பக்கத்தில் அவர் விரல் நின்றது. "யாரு செஞ்சது?"

"நான்தாண்ணே. செல்வியும் கூட."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்க ஆபீசர் இந்த மாசம் ரிட்டயர் ஆகுறாரு" என்றார் உத்தமன். "எல்லாரும் சால்வையும் கடிகாரமும் குடுப்பாங்க. இதக் குடுத்தா மனுசன் அசந்துருவாரு. எனக்குத் தர்றீங்களா?"

போன உயிர் திரும்பி வந்தது. அவருக்குத் தெரியவில்லை. கேட்டைத் தாண்டி அந்த ஷெட்டுக்குள் அவர் வந்ததே இல்லை.

"விழாவுக்குப் பெரிய அதிகாரிங்க, டிசைன் ஆளுங்க எல்லாம் வர்றாங்க. மேடையிலயே வெச்சிருவோம்."

"எடுத்துகினு போங்கண்ணே" என்றான் ஜெர்வின், பெருமை தாங்காமல்.

அந்தப் பெட்டியை வரைந்தவர்களே அதைப் பார்ப்பார்கள். என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. அவர் கையிலிருந்த டாங்கியிலிருந்து பெட்டியை மட்டும் பிடித்து இழுத்தேன். பெயிண்டோடு பிய்த்துக்கொண்டு வந்தது. அடியில் வெறும் பிளாஸ்டிக் தெரிந்தது.

"இன்னா செல்வி, அதான் அதுக்கே அழகு" என்றான் ஜெர்வின்.

"சரியா ஒட்டல. நல்லா இல்ல." என்றேன்.

உத்தமன் டாங்கியைப் பார்க்கவில்லை. மூடியிருந்த என் கையைப் பார்த்தார். அதை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அதையும் பார்த்தார்.

"ரிவெட் இருக்கு, கால் இருக்கு, பீரங்கி இருக்கு" என்றார் மெதுவாக. "இத மட்டும் ஏம்மா பிச்சீங்க?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, காலையில் பார்த்த படத்தைத் திறந்தார். இரண்டு விரலால் அந்தப் பெட்டியைப் பெரிதாக்க ஆரம்பித்தார்.