அறுந்த இடம்: பின்னல்

1

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதிவிட்டேன், ஒரே வார்த்தையில். படகு கட்டும் கயிறுகளை இழுத்துப் பார்க்கும் சோதனை அறையில் நான் குமாஸ்தா. படிவத்தில் ‘அறுந்த இடம்’ என்பதற்கு எதிரே ‘பின்னல்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பச்சைப் பொய். அதனால் என் அண்ணிக்கு வேலை போயிற்று.

2

‘கடல் அன்று அமைதியாக’

சீ! கடலுக்கு இதில் என்ன வேலை? துறையில் கட்டியிருந்த படகு, கயிறு அறுந்து சுவரில் மோதியதில் படகுக்காரரின் கால் நசுங்கியது. கயிற்று நுனியை மடக்கி, புரிகளைப் பிரித்து, ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்துக் கண்ணி பின்னியவர் அண்ணி. ஆகவே தப்பு அவருடையது. (இந்த ‘ஆகவே’ எங்கள் கயிற்றுக் கம்பெனி மேனேஜருடையது.)

3

அதே கயிற்றுச் சுருளிலிருந்து வெட்டி அண்ணி பின்னிய இன்னொரு கயிற்றை மிஷினில் மாட்டினோம். பத்து டன் தாங்க வேண்டியது, நாலிலேயே படார்! நட்டநடுவில் அறுந்தது. பின்னலில் ஒரு புரிகூட நழுவவில்லை. அந்தச் சுருளை இரண்டு வருஷம் வெட்டவெளியில் வெயிலில் போட்டு வைத்தவர் மேனேஜர்.

“பின்னல்னு எழுதுங்க.”

“சார், நடுவுலதானே...”

“கயிறுன்னா கம்பெனி மேல வரும். பின்னல்னா ஒரு ஆளோட போயிடும். விளங்குதா?”

விளங்கியது. வயிற்றெரிச்சலே அதுதான்.

4

மேனேஜரையும் கொஞ்சம் நல்லவராகக் காட்டினால் கதைக்கு அழகு என்பார்கள். காட்ட மாட்டேன், போங்கள். குமாஸ்தாவை மட்டும் எதற்கு இவ்வளவு பாவமாக எழுதியிருக்கிறேன் என்று தெரியவில்லை. பேனா பிடித்த கை அவனுடையதுதானே?

முடிவு ஒன்று: அண்ணி மன்னித்து (இதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். என்ன திமிர் எனக்கு!)

5

இதுவரை எழுதியதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். காய்த்துப்போன விரல்களால் துணி மடித்தபடியே கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி. எத்தனை பக்கம்?”

“ரெண்டு, அண்ணி.”

“என்னைக் கவுத்தது ஒரே வார்த்தை. அதை மாத்தத் துப்பில்ல, ரெண்டு பக்கத்துக்குக் கதை விடுறீங்க!”



6

சோதனைப் படிவத்தில் திருத்தம் இருந்தால் இன்று மாலைக்குள் அனுப்பலாம். புதுப் படிவம் எடுத்தேன். அறுந்த இடம்: நடுக்கயிறு. பின்னல் முழுசாக இருக்கிறது. அறுந்த துண்டையும் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

கையெழுத்து பாக்கி. போட்டால் என் வேலை போகும். போடாவிட்டால் அண்ணி சொன்னது சரி, நான் கதைதான் விட்டேன். ‘போட்டிருப்பான்’ என்று நினைத்துக்கொண்டு நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடப் பார்ப்பீர்கள். அந்த நிம்மதியை நான் தருவதாக இல்லை. உட்காருங்கள், சாட்சிக்கு ஆள் வேண்டும். மேனேஜர் கதவைத் திறக்கிறார். ஆகவே நான்